அரைப்பேர்ப் புள்ளிவிபரவியல்

கொழும்பில் குளிரூட்டிய அறை. மைக்குக்கு முன்னால் தேயிலைத் தோட்டக் கம்பனிக்காரர் ஒருவர். "நம் தொழிலாளி ஒரு நாளைக்குச் சராசரியாக இத்தனை கிலோதான் கொழுந்து எடுக்கிறார். கென்யாவைப் பாருங்கள், அசாமைப் பாருங்கள்" என்கிறார். மறுநாள் அது அச்சில் வருகிறது. எத்தனை பேரின் கொழுந்தை நிறுத்தீர்கள், எந்த மாதம், எந்த மலை என்று ஒருவரும் கேட்பதில்லை. சம்பளப் பேச்சு தொடங்கினால் இந்தச் சராசரி அலுமாரியிலிருந்து வெளியே வரும். பேச்சு முடிந்ததும் உள்ளே போய்விடும்.

புள்ளிவிபரவியலில் சராசரி தனியாக நடமாடாது. கூடவே ஓர் ஆயிடை வரவேண்டும். கணக்கொன்று போடுவோம். பேச்சுக்குத்தான், எந்தத் தோட்டமும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு மலையில் 25 பெண்களின் ஒரு நாள் கொழுந்தை நிறுக்கிறோம். சராசரி 17 கிலோ. நியம விலகல் 5 கிலோ. 25இன் வர்க்கமூலம் 5. வகுத்தால் 1 கிலோ. சராசரி எவ்வளவு பிசகக்கூடும் என்பதன் அளவு அது. இரு பக்கமும் ஏறத்தாழ அதன் இரு மடங்கை விட்டால் 15 முதல் 19 வரை. இதுதான் 95 சதவீத நம்பிக்கை ஆயிடை. இப்படியே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து ஆயிடை போட்டால், நூற்றில் சுமார் 95 தடவை உண்மைச் சராசரி உள்ளே அகப்படும்.

ஆக, சராசரி 18 என்பவரை இந்தத் தரவு மறுக்காது. 16 என்பவரையும் மறுக்காது. அடக்கமான தரவு. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அந்த அடக்கத்துக்கு வேலையில்லை. ஒரு பேருக்கு 18 கிலோ என்றால் 18தான். 17 எடுத்தவருக்கு அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம்.

வயிறு எரிவது இங்கேதான். கருதுகோள் சோதனையில், குற்றமற்றவரைத் தண்டிக்கும் பிழைக்கு ஒரு வரம்பு உண்டு. வழக்கமாக நூற்றுக்கு ஐந்து. சராசரியையே இலக்காக நட்டுவிட்டால் என்ன ஆகும்? பாதிப் பேர் சராசரிக்கு மேலே, பாதிப் பேர் கீழே. சராசரி என்பது அநேகமாக அப்படித்தான் இருக்கும். ஒருவரும் சோம்பாமல் உழைத்தாலும், நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பது தடவை அரைப்பேர் விழும். இதற்கு மேலிடம் வைத்திருக்கும் பெயர் உற்பத்தித்திறன்.

அதுவும் ஒரே ஒரு அளவீட்டை வைத்து, ஒரே மாலையில் தீர்ப்பு. மழை விடாத நாளா, வறட்சியில் கொழுந்து வராத மாதமா, புல் வெட்ட ஆள் போடாமல் இடுப்பளவு காடாகிக் கிடக்கும் மலையா, தாத்தா காலத்துக் கிழட்டுச் செடியா? தராசுக்கு அதெல்லாம் தெரியாது. தோட்டத் துரைக்குத் தெரியும். தெரிந்தும் கேட்பதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கருதுகோள் சோதனைக்குப் புகழ் தேடித் தந்ததே தேநீர்தான். பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி. அங்கே வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர் எட்டுக் கோப்பைகளைக் கலைத்து வைத்தார். நாலில் பால் முதலில், நாலில் தேநீர் முதலில். குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைய 70இல் ஒரு வாய்ப்புத்தான். 1935இல் அவர் எழுதிய நூலில் இந்தச் சோதனை நிலைத்துவிட்டது. குடிப்பவரின் நாக்குக்கு எட்டு வாய்ப்பு. பறிப்பவரின் கைக்கு ஒன்று.

அதே நிலையத்தில் ஃபிஷரோடு வேலை செய்த தோமஸ் ஈடன் பிறகு தலவாக்கலையிலுள்ள நம் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். தேயிலை வயல் பரிசோதனைகளில் பிழை எவ்வளவு என்று கணக்கிட்டு 1931இல் கட்டுரையே எழுதினார். ஒரே உரம் போட்ட இரண்டு துண்டு நிலம் ஒரே அளவு கொழுந்து தராது. மண்ணுக்கு இவ்வளவு, தற்செயலுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தொண்ணூறு வருடத்துக்கு மேலாகத் தலவாக்கலைக்குத் தெரிந்த சங்கதி இது. குறைவாகத் தந்த செடிக்கு யாரும் அரைச்செடி என்று எழுதவில்லை.

சம்பளத்திலும் கருதுகோள் சோதனைதான், தலைகீழாக. "இப்போது கிடைப்பது போதும்" என்பது மறுக்கும்வரை நிற்கும் சூனியக் கருதுகோள். அதை மறுக்கும் பாரம் கூடை சுமப்பவரின் தலையில். "எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்பதற்கு மட்டும் சோதனை கிடையாது. அது வேதவாக்கு. 2016இல் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. 2019இல் 700. கத்திக் கத்தி ஆயிரம் கைக்கு வந்தது 2021இல். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1700 என்று அப்போதைய ஜனாதிபதி அறிவித்தார். கைதட்டல் மலையைத் தாண்டியது. ஜூலையில் உயர் நீதிமன்ற இடைக்காலத் தடை. செப்டம்பரில் 1350. அறிவித்த தொகைக்கும் கிடைத்த தொகைக்கும் இடையில் 350 ரூபா. நமக்கு வாய்த்த நம்பிக்கை ஆயிடை அதுதான்.

ஆதாரம் போதாது என்கிறார்களே, தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 வருமானக் கணக்கெடுப்பைப் புரட்டலாம். நாட்டில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. பெருந்தோட்டத் துறையில் 46,865. எந்த மாதிரிப் பிழையைச் சேர்த்தாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. இதை மறுக்கும் கருதுகோளோடு எந்தக் கம்பனியாவது மைக்குக்கு முன்னால் வந்ததா? வராது. அந்த அறிக்கையில் கென்யா இல்லை.

கடைசியாகத் தராசு. அளவீட்டுப் பிழை தற்செயலானது என்றால் சில நாள் கூடும், சில நாள் குறையும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. மடுவத்தில் சாக்குக்கு இத்தனை கிலோ கழிவு, ஈரத்துக்கு இத்தனை கிலோ கழிவு. வெயில் காய்கிற நாளிலும் ஈரம் கழியும். எல்லாப் பிழையும் ஒரே பக்கம்தான் சாயும். "அக்கா, நேற்று இரண்டு கிலோ குறைத்து எழுதிவிட்டேன், இந்தாருங்கள்" என்று கணக்கப்பிள்ளை லயத்துக் கதவைத் தட்டியதாக இந்த மலையில் கட்டுக்கதைகூடக் கிடையாது.