கைமணம் இருந்தால் கடை நடக்குமா?

கேள்வி: சமையல் கிராமத்துப் பெண்களுக்குக் கைவந்த கலை. உள்ளூர் தானியத்தில் தொழில் தொடங்கத் தனியாகப் பயிற்சி எதற்கு?

பதில்: கைமணம் வீட்டுக்குப் போதும், கடைக்கு, நூறாவது பாக்கெட்டிலும் அதே ருசி வேண்டும். அதைக் கற்றுத்தருவதுதான் பயிற்சி.

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலை நல்ல சான்று. மரவள்ளி பரவியதும் அங்கே சாமை, தினை, பனிவரகு விளைந்த நிலம் சுருங்கியது. உரலில் குத்தி உமி நீக்கும் பாடும் பெண்களை வாட்டியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்தது. சுய உதவிக் குழுக்களுக்கு மாவு, ரவை, சத்துமாவு தயாரிக்கப் பயிற்சி தந்தது.

இத்தகைய பயிற்சியின் பாடங்கள் நான்கு. முதலாவது, கல் பொறுக்கி ஈரம் போக உலர்த்துவது. இரண்டாவது, தவிட்டிலுள்ள எண்ணெயால் மாவில் சிக்கு வாடை ஏறுமுன் விற்பது. மூன்றாவது, சொந்த உழைப்புக்கும் கூலி போட்டு அடக்கவிலை கணக்கிடுவது. நான்காவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறுவது.

முதலுக்கும் வழி உண்டு. 2020இல் ஒன்றிய அரசு அறிவித்த குறு உணவு நிறுவனங்களுக்கான திட்டத்தில் 35 சதவீத மானியமும், சுய உதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் அடங்கும்.

மூட்டையாக விற்றால் விலையை வியாபாரி சொல்வார். பாக்கெட்டாக விற்றால் குழுவே சொல்லும்.