மே மாதம் வரை மகி-மகி இல்லை

அக்டோபர் போய்விட்டது. மகி-மகியும் போய்விட்டது. இனி அடுத்த மே மாதம்தான். இதை நேற்றிரவு கட்டிலில் உட்கார்ந்து கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே, "யாருங்க அது, உங்க ஆபீஸா?" என்றாள்.

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நீங்களும் அந்த மரப்பாலத்து நுனியில் தூண்டிலோடு நின்றவர்கள்தானே. மாதக் கடைசி வந்தால் மற்றவர்கள் சம்பளத்தை எண்ணுகிறார்கள். நாம் எந்த மீன் கிளம்புகிறது, எந்த மீன் வருகிறது என்று எண்ணுகிறோம். அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைஸன்ஸ் 2020 மார்ச் 20 அன்று வெளிவந்தபோது உலகமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மனசுக்கு இதமான விளையாட்டு, தீவு வாழ்க்கை, அவசரமே கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் யாரும் அக்டோபர் 31 இரவு என் முகத்தைப் பார்த்ததில்லை.

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. ஸ்விட்சின் கடிகாரத்தை மே மாதத்துக்குத் தள்ளி, மகி-மகியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நவம்பருக்குத் திரும்பி வருவது பாவமா, இல்லையா? எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் சீ பாஸ் பற்றி இரண்டு வார்த்தை.

சீ பாஸ் 12 மாதமும் வரும். 24 மணி நேரமும் வரும். வெயிலில் வரும், மழையில் வரும். டிசம்பர் 11 முதல் பிப்ரவரி 24 வரை தீவு முழுக்கப் பனி மூடிக் கிடக்கும்போதும் குளிருக்கு ஒரு தும்மல்கூடப் போடாமல் வரும். மீன் என்றால் ஒரு பருவம், ஒரு நேரம், ஒரு முறை வேண்டாமா? சால்மனைப் பாருங்கள். செப்டம்பர் ஒரு மாதம்தான், ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மட்டும்தான். ஸ்ட்ரிங்ஃபிஷ் டிசம்பர் முதல் மார்ச் வரை, மேட்டு நிலத்து ஆற்றில், மாலை 4 மணிக்கு மேல் காலை 9 மணிக்குள். விலை 15,000 பெல். கேட்கும்போதே செருப்பைக் கழற்றி வைக்கத் தோன்றுகிறது. சீ பாஸ் 400 பெல்.

பத்திரிகை வைக்காமலே எல்லாக் கல்யாணத்துக்கும் வந்து முதல் பந்தியில் உட்காருகிற ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சீ பாஸ் அவர்தான். ஆனால் சித்தப்பாவை நூறு அடி தள்ளி வரும்போதே அடையாளம் தெரியும். சமையல்காரருக்குச் சொல்லி ஓர் இலை கூடப் போட்டுவிடலாம். சீ பாஸுக்கு அந்த நேர்மையும் கிடையாது. தண்ணீருக்குள் அதன் நிழலும் மகி-மகியின் நிழலும் ஒரே அளவு. ஜயன்ட் ட்ரெவாலி, அதாவது நம் சந்தைப் பாறை மீனுக்கு அண்ணன், அதற்கும் அதே நிழல். 6,000 பெல் மீனும் 4,500 பெல் மீனும் 400 பெல் மீனும் மேலேயிருந்து பார்க்க ஒன்றுதான். சித்தப்பா மாப்பிள்ளை வேஷத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிழலை வரவழைக்க நாம் படுகிற பாட்டையும் பார்க்க வேண்டும். கடற்கரை மணலில் எங்கே தண்ணீர் பீய்ச்சுகிறது என்று குனிந்து தேடி, மண்வெட்டியால் தோண்டி, மட்டி எடுக்கிறோம். ஒரு மட்டிக்கு ஒரு பொட்டலம் இரை. அதைச் சுமந்துகொண்டு மரப்பாலத்துக்கு வருகிறோம். ஓடக் கூடாது, ஓடினால் மீன் மிரளும். இரையைத் தூவுகிறோம். நிழல் எழுகிறது. தூண்டிலை அதன் மூக்குக்கு நேராகப் போடுகிறோம். ஒரு கொத்து. இரண்டு. மூன்று. இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டால் கை தவறாது என்பது நம் கூட்டத்தார் கண்ட உண்மை. நான் கண்ணை மூடுவேன். மூச்சையும் சேர்த்து அடக்குவேன். நான்கு. ஐந்தாவது கொத்து கண்டிப்பாகக் கடிதான். மிதவை முங்குகிறது, இழுக்கிறேன், மேலே வருகிறது.

சித்தப்பா.

வந்ததோடு விட்டால் பரவாயில்லை. மீனை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்து நம் பக்கம் திரும்பி, அந்தப் பொம்மை மனிதன் சீ பாஸ் பற்றி ஒரு சிலேடை சொல்கிறான். முதல் தடவை நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே சிலேடை. அவன் ஒவ்வொரு தடவையும் அதே அளவு மகிழ்கிறான். அந்த மகிழ்ச்சிதான் எனக்குப் பொறுக்கவில்லை. மட்டி தோண்டியது நான், மூச்சை அடக்கியது நான், அவனுக்கு என்ன கொண்டாட்டம்?

பிடித்த பிறகு அதை என்ன செய்வது? அருங்காட்சியகத்து ஆந்தை பிளாதர்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டதோடு சரி. இரண்டாவதற்கு மரியாதையாகக் கை விரித்துவிடுவார். கடையில் விற்றால் அந்த 400. தூண்டில்காரர் சி.ஜே. வரும் நாளில் அவரிடம் கொடுத்தால் ஒன்றரைப் பங்கு, 600. இந்த 200 பெல் லாபத்துக்காக என் கடற்கரை முழுக்க சீ பாஸ் தொட்டிகளாக வரிசை கட்டி நிற்கின்றன. அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் அதே மீனின் சிலையைச் செய்து தபாலில் அனுப்புகிறார். சீ பாஸுக்குச் சிலை! கேட்டு வாங்கியது என் பையன். அது இப்போது கூடத்தில் இருக்கிறது. சித்தப்பா நிரந்தரமாகத் தங்கிவிட்டார்.

அதே சி.ஜே. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமை போட்டி நடத்துகிறாரே, அதையும் சொல்ல வேண்டும். மூன்று நிமிடம்; எந்த மீனானாலும் கணக்கில் ஒன்றுதான். அன்று சுறாவும் சீ பாஸும் சமம். வாழ்நாளில் ஒரு நாள் சீ பாஸ் வந்தால் போதும் என்று நான் ஏங்கிய நாள் அது. வரவில்லை. பழைய டயர் வந்தது.

சீ பாஸைப் பற்றிப் பேசினால் நேரம் போவதே தெரிவதில்லை. கடிகாரத்துக்கு வருகிறேன். 31ஆம் தேதி இரவில் நடந்ததைச் சொன்னால்தான் அது புரியும். அன்று ஹாலோவீன். மாலை 5 மணியிலிருந்து பூசணித் தலையன் ஜாக் தீவு முழுக்க மிட்டாய் கேட்டுத் திரிகிறான். அண்டை வீட்டு விலங்குகளும் வேஷம் கட்டிக்கொண்டு மிட்டாய், மிட்டாய் என்று துரத்துகின்றன. அவர்களுக்கு நடுவில் நான் ஒருவன் மட்டி தோண்டிக்கொண்டிருக்கிறேன். தூண்டில் வேறு முறிந்தது. 30 மீனுக்கு மேல் அது தாங்காது. எல்லா 80 மீனையும் பிடித்தால் தங்கத் தூண்டில் செய்யும் முறை கிடைக்கும், ஆனால் அதுவும் முறியும். தங்கம்! நகைக்கடையில் இப்படி ஒன்றைக் கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

பன்னிரண்டு அடிக்கும் வரை சீ பாஸ்தான். மறுநாள் மதியம் கேன்டீனில் பக்கத்து மேசைத் தம்பி போனை நீட்டினான். "சார், மகி-மகி. காலைல பஸ்ஸுல வரும்போதே கிடைச்சிருச்சு."

இந்தப் பையன் அம்பத்தூரில் குடியிருக்கிறான். ஆனால் ஆட்டத்தைத் தொடங்கும்போது தெற்கு அரைக்கோளம் என்று போட்டுவிட்டான். அங்கே எல்லாம் ஆறு மாதம் தள்ளி. நவம்பர் பிறந்தால் அவனுக்கு மகி-மகி வரத் தொடங்குகிறது. நான் சென்னை வடக்கு அரைக்கோளத்தில்தானே இருக்கிறது என்று பூகோளத்துக்கு மரியாதை கொடுத்து வடக்கைத் தேர்ந்தெடுத்தவன். என் ஜன்னலுக்கு வெளியே மார்கழியில்கூட மின்விசிறி வேண்டும். என் தீவில் இடுப்பளவு பனிமனிதன். "உங்களுக்கு இன்னும் கிடைக்கலையா சார்?" என்று கேட்டான். அந்த "இன்னும்" எனக்குப் பிடிக்கவில்லை. சாம்பார் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மீன்களுக்கு இந்த அட்டவணையைப் போட்டுக் கொடுத்தவர் யாரோ, அவரிடம் கேட்க எனக்குச் சில கேள்விகள் உண்டு. ஜயன்ட் ஸ்னேக்ஹெட், நம் விரால் ஜாதி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளத்தில் வருகிறது, காலை 9 முதல் மாலை 4 வரை. அந்த நேரத்தில் நான் ஆபீசில் இருக்கிறேன் என்பது அதற்கு எப்படித் தெரிந்தது? ப்ளூ மார்லின் ஜூலை முதல் செப்டம்பர் வரை வருகிறது, பிறகு நவம்பர் முதல் ஏப்ரல் வரை வருகிறது. நடுவில் அக்டோபர் மட்டும் எங்கே போகிறது?

இந்த விளையாட்டு வரிசையை உருவாக்கிய கட்சுயா எகுச்சி, சீபாவிலிருந்து கியோத்தோவுக்கு வேலைக்குப் போனபோது குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டுப் பிரிந்த ஏக்கத்தில் யோசித்தது இது. முதல் ஆட்டம் 2001இல் ஜப்பானில் வந்தது. குடும்பத்தார் வெவ்வேறு நேரத்தில் விளையாடினாலும் ஒரே ஊரில் சந்தித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். எங்கள் வீட்டில் சந்தித்துக்கொள்கிறோம். "மார்க்கெட்டுக்குப் போய் அரைக் கிலோ வஞ்சிரம் வாங்கிட்டு வரத் துப்பில்ல, இதுல மீன் போச்சாம்" என்கிற அளவுக்குச் சந்தித்துக்கொள்கிறோம்.

சரி, கடிகாரம். பொய் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேரத்தைத் திருப்பினால் தோட்டத்தில் களை மண்டும், டர்னிப் அழுகும், அதெல்லாம் நியாயமான தண்டனைதான். ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பொறுத்தவரை என் கருத்து என்னவென்றால்...

"ஏங்க, மழை வந்துருச்சு! மாடில துணி கிடக்கு!"

எழுந்தேன். எழுந்தபோது திரை கண்ணில் பட்டது. தீவிலும் மழை. மழை பெய்தால் மட்டும் வரும் சீலகாந்த்! 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் ஒன்று வலையில் சிக்கும் வரை, டைனோசர்களோடு கூடவே ஒழிந்துபோனதாக விஞ்ஞானிகளே நம்பிக்கொண்டிருந்த மீன். மாதம் பார்க்காது, மணி பார்க்காது, மழை இருந்தால் போதும். 15,000 பெல். பையில் மட்டி இரை இன்னும் மிச்சம் இருக்கிறது. துணியைப் பையன் எடுக்கட்டும்.