பள்ளிக் காதலா, டாக்டர் டென்மாவா?

கேள்வி: அனிமே என்றாலே பள்ளிச் சீருடைக் காதல்தானே அழகு? உங்களுக்கு மட்டும் ஏன் நிம்மதி தொலைத்த நாயகர்களையே பிடிக்கிறது?

பதில்: பள்ளிக் காதலில் கையைப் பிடிக்கவே பன்னிரண்டு எபிசோடு ஆகிவிடும். 'மான்ஸ்டர்' (2004) டாக்டர் டென்மாவுக்கு அதற்குள் வாழ்க்கையே தலைகீழாகிவிடுகிறது. மேயரைக் கவனிக்கச் சொன்ன மேலிடத்தை மீறி, குண்டடிபட்ட சிறுவனுக்கு ஆபரேஷன் செய்கிறார். பிழைத்தவன் தொடர் கொலைகாரனாக வளர்கிறான். காப்பாற்றிய கையே அவனைச் சுட வேண்டுமா? அந்தக் கேள்வியோடு ஜெர்மனி முழுக்க அலைகிறார். 'கௌபாய் பீபாப்' (1998) ஸ்பைக்கும் பழைய கும்பலையும் பழைய காதலையும் சேர்த்தே சுமப்பவன். தன் முடிவுக்குத் தானே விலை கொடுக்கும் இப்படிப்பட்டவர்களைத்தான் மனசு நம்புகிறது. 'மான்ஸ்டர்' மொத்தம் 74 எபிசோடு. முதல் நான்கை மட்டும் பாருங்கள். ஐந்தாவதை நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.