பேராண்டி, அந்தச் சிவப்புப் பேனாவை மூடு

வாய்யா பேராண்டி. கதை படிச்சுப் பட்டம் வாங்கப் போறியாமே! நாங்க கதை கேக்க உக்காந்தா, "வேலைவெட்டி இல்லையாடா?"ன்னு ஏசுவாக. இப்ப அதுக்கு உதவிப்பணம் வேற தர்றாகளாம். நல்லா இரு.

புஸ்தகத்தை இங்கிட்டுக் கொடு. அடேயப்பா, பக்கம் பூராவும் சிவப்புக் கோடு! நம்மூருப் பேச்சு வர்ற இடமெல்லாம் கோடு கிழிச்சு, ஓரத்துல அர்த்தம் எழுதியிருக்கே. கரிசக்காட்டுச் சொல்லுக்குக் கி. ராஜநாராயணன், அதான் நம்ம கி.ரா., 1982-லயே அகராதி போட்டு வச்சிட்டாரு. கொங்குச் சொல்லுக்குப் பெருமாள்முருகன் 2000-ல போட்டாரு. அதைப் பாத்துக் காப்பி அடிக்கவா உங்கப்பன் ஆட்டை வித்து உன்னை அனுப்புனான்?

அந்தப் பேச்சு யாரு வாயில இருந்து வருதுன்னு பாத்தியா, அதைச் சொல்லு. புதுமைப்பித்தன் கதையில வர்ற கந்தசாமிப் பிள்ளை மேலகரத்து ஆளு. பட்டணத்துல பிராட்வே முக்குல நின்னாலும் சரி, கூட காப்பி குடிக்க வந்தது கடவுளே ஆனாலும் சரி, மனுசன் வாயில தென்காசிச் சீமை எட்டிப் பாக்கும். ஆனா கதையைச் சொல்லிட்டுப் போறவரு பெரும்பாலும் எழுத்துத் தமிழ்லதான் போவாரு. கி.ரா.வுக்கு அந்த வரப்பே கிடையாது. கதை சொல்றவரே துண்டை உதறிப் போட்டுத் திண்ணையில உக்காந்துருவாரு. பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட மனுசனைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டு நாற்காலி போட்டுச்சுன்னா சும்மாவா?

நாற்காலின்னதும் ஞாபகம் வருது, அந்தப் பேருல ஒரு கதை எழுதியிருக்காரே, படிச்சியா? வீட்டுக்கு வந்த சப்ஜட்ஜு முக்காலியில உக்காரப்போயி உருண்டுட்டாரு. அந்த அவமானத்துல, தாய்மாமன் வீட்டுக்கும் ஒண்ணு சேத்து, நாற்காலி செய்யச் சொல்றாக. வீட்டுப் பையன் ஒருத்தன் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கிட்டு வர்றான். நம்ம வீட்டுப் பேச்சுத்தானேன்னு நீயும் காலை நீட்டிக் கேக்கறே. அப்ப பாத்து நடுராத்திரியில கதவைத் தட்டுறாக. செத்தவரை உக்கார வைக்க நாற்காலி வேணுமாம்! திரும்பி வந்ததைக் கழுவு கழுவுன்னு கழுவுனாலும் பிள்ளைக யாரும் கிட்டப் போகல. பயங்காட்டுற வார்த்தை ஒண்ணுகூட இல்லாம உன்னை அங்க கொண்டுபோயி விட்டுட்டான் பாரு. வீட்டுப் பேச்சுல சொல்லப்போயித்தான் நீ ஏமாந்தே.

'காஞ்சனை'யில புதுமைப்பித்தன் பண்றது வேற சோலி. அங்க கதை சொல்றவரு எழுத்தாளரு, நாலும் தெரிஞ்சவரு, பேச்செல்லாம் நியாயமும் தர்க்கமுமா இருக்கும். அப்பேர்ப்பட்டவரு ராத்திரி ஒரு வாசனைக்குப் பயந்து, வேலைக்கு வந்தவளோட கால் தரையில பாவுதான்னு குனிஞ்சு பாக்குறாரு. பேய் பிசாசை நம்புற என்னை மாதிரிக் கிழவன் பாத்திருந்தா நீ சிரிச்சிருப்பே. படிச்ச தமிழ் தடுமாறுதுல்ல, அதான் உனக்கு வேர்க்குது. அது பேய்தானான்னு கடைசிவரைக்கும் அடிச்சுச் சொல்லவும் மாட்டாரு.

உங்க வாத்தியாரு 'உத்திகள்'னு தலைப்புப் போட்டு, சொல் ஒரு அத்தியாயம், பேச்சு ஒரு அத்தியாயம், மர்மம் ஒரு அத்தியாயமுன்னு பிரிச்சு எழுதச் சொல்லியிருப்பாரு. எழுது, பட்டம் வேணுமில்ல. ஆனா அதுக்கு முந்தி ஒருதரம் வாய்விட்டுப் படி. கண்ணு தாவுற இடத்துல நாக்கு தாவாது. பக்கத்துல உங்க ஆத்தாளை உக்கார வச்சுக்கோ. எங்க அவ அரிசி பொடைக்கறதை நிறுத்துறாளோ, அங்க போடு உன் சிவப்புக் கோட்டை.

என்ன, முடிவை முதல்லயே பாத்துக்கிட்டாத்தான் ஆய்வுக்கு வசதியா? நல்லாருக்குடா! அப்பச் சரி, 'நாற்காலி'யில அந்தத் தாய்மாமன் வீட்டு நாற்காலி எங்க போச்சு, கேட்டதுக்கு அவரு என்ன பதில் சொன்னாரு? தெரியாதா? கடைசிப் பக்கத்தையும் ஒழுங்காப் படிக்கலையாக்கும். முழிக்காதே, சொல்றேன். முதல்ல போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா.