கடல்கடந்த எண்ணெய் விற்போர் இயல்

கப்பல் கப்பலாகக் கச்சா எண்ணெய் விற்க முன்வரும் வெளிநாட்டாரை வகுத்து, அவரிடம் சிக்காதிருக்கும் நெறி உரைப்பது இந்நூல். கடலே இல்லாத அம்மையார்குப்பத்தில் இது எழுந்தது ஏன் எனின், வாட்ஸ்அப் வந்தபின் துறைமுகம் இல்லாத ஊர் இல்லை என்க. எங்களூரில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவருக்கு, மாதம் 20 லட்சம் பீப்பாய் நைஜீரியப் 'போனி லைட்' கச்சா எண்ணெய் தரச் சித்தம் என்று ஓலை வந்தது. பீப்பாய்க்கு 159 லிட்டர். 20 லட்சம் பீப்பாய் என்பது ராட்சத எண்ணெய்க் கப்பல் ஒன்றின் முழு வயிறு. "இவ்ளோத்தையும் எங்கங்க கொட்டி வைக்கிறது?" என்றார் அவர் மனைவி. இவ்வியலின் முதல் சூத்திரம் அதுவே.

விற்போரை நாட்டாலும் கோட்டு சூட்டாலும் வகுப்பது பிழை. எண்ணெய்க்கும் ஆளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதே அளவுகோல்.

முதலில் வருவோர் காகிதர். இவரிடம் எண்ணெய் இல்லை. எண்ணெய்க்குரிய தாள் அனைத்தும் உண்டு. சந்தை விலையில் பீப்பாய்க்கு 10 டாலர் குறைப்பார். அதாவது முன்பின் அறியாத தறிக்காரருக்குக் கப்பலுக்கு 2 கோடி டாலர் விட்டுக்கொடுப்பார். முல்லைக்குத் தேர் ஈந்த பாரி இவர்முன் கஞ்சன். நைஜீரிய அரசு எண்ணெய் நிறுவனமான என்.என்.பி.சி., தன் பெயரில் உலவும் போலி விற்பனைக் கடிதங்கள் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. இவருள் ஓர் உட்பிரிவார் 'ஜே.பி. 54' என்னும் விமான எரிபொருளை விற்பர். அப்படியொரு ரகத்தை எந்தச் சுத்திகரிப்பு ஆலையும் வடிப்பதில்லை. ஆதலின் இருப்பு ஒருபோதும் தீராது.

அடுத்தவர் தொட்டியர். ரோட்டர்டாமில் தொட்டி நிறையச் சரக்கு நிற்கிறது, வாடகையை மட்டும் நீங்கள் கட்டினால் போதும் என்பர். மெய்யான கிடங்கின் பெயரில் ஓரெழுத்து மாற்றி இணையதளம் வைத்திருப்பர். தொட்டியும் மெய்யாக இருந்தால்? 1963-இல் அம்பலமான மோசடியில், அமெரிக்காவில் டினோ டி ஏஞ்சலிஸ் என்பவர் தொட்டியில் நீரை நிரப்பி, மேலே கொஞ்சம் சமையல் எண்ணெயை மிதக்கவிட்டு, அதையே அடகாகக் காட்டிக் கோடிக்கணக்கில் கடன் பெற்றார். கச்சா எண்ணெய் வணிகர்க்கும் அவரே ஆதிகுரு.

மூன்றாமவர் இடைநின்றோர், இவ்வியலின் பெரும்பகுதி இவர்க்கே உரியது. வாங்குவோரையும் கண்டதில்லை, விற்போரையும் கண்டதில்லை; தமக்கு முன்னும் பின்னும் நிற்கும் இன்னொரு தரகரை மட்டுமே அறிவர். சங்கிலியில் எண்மர் இருந்தால், எண்மருக்கும் பீப்பாய்க்கு இத்தனை சென்ட் என்று கமிஷன் பங்கிட்டு, ஒருவரையொருவர் தாண்டிச் செல்லமாட்டோம் என்று ஒப்பந்தமும் எழுதிவிடுவர். எண்ணெயைத் தவிர மற்றதெல்லாம் பத்திரத்தில் இருக்கும். வியப்பு யாதெனில், இவருட் பலர் மோசடிக்காரர் அல்லர், நம்புகிறவர். ஒரே ஒரு கப்பல் கரைசேர்ந்தால் மகளுக்குக் கல்யாணம், ஊரில் மாடிவீடு என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர். இவரைத் திட்ட என் எழுத்தாணி எழவில்லை. சங்கிலியின் மேல்நுனியில் ஒளிந்திருப்பவன் ஒருவன் வேண்டுவது ஆவணக் கட்டணம் என்னும் சில லட்சம் ரூபாய் மட்டுமே. கோடிக் கணக்கு, இந்த லட்சத்தைச் சிறிதாகக் காட்டவே.

எண்ணெய் மெய்யாகவே இருந்தால் அச்சமில்லை எனின், அற்றன்று. குவைத்தில் எண்ணெய் ஏற்றிய 'சேலம்' என்னும் கப்பல் (நம் சேலத்துக்கும் இதற்கும் உறவில்லை) பெரும்பகுதியை டர்பனில் திருட்டுத்தனமாக இறக்கிவிட்டு, 1980 ஜனவரியில் செனகல் கரைக்கு அப்பால் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. மாலுமிகள் பெட்டி படுக்கையோடு மீட்கப்பட்டனர். அச்சரக்கை நடுவழியில் விலைக்கு வாங்கி ஏமாந்தது ஷெல். மெய்யான எண்ணெய் வணிகரும் விலக்கல்லர்: சிங்கப்பூரின் ஹின் லியோங் நிறுவனர் லிம், நடக்காத எண்ணெய் விற்பனையைக் காட்டி ஹெச்.எஸ்.பி.சி. வங்கியை ஏமாற்றியதற்காக 2024-இல் பதினேழரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

கடல்கடவாத புறனடையும் உண்டு. 1996-இல் மூலிகை பெட்ரோல் என்று நாட்டையே அதிரவைத்த ராமர் பிள்ளைக்கு, 2016-இல் சென்னை நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்தது.

இனி, தப்பும் நெறி. நூல் மூட்டையைப் பிரித்து, கவுண்ட் பார்த்து, எடை போட்டபின்தான் எங்களூரில் பணம் எடுப்பர், எண்ணெய்க்கும் அதுவே. கிடங்கின் தொலைபேசி எண்ணை விற்பவர் தரக்கூடாது, நீங்களே தேடவேண்டும். பரிசோதகரை நீங்களே அமர்த்தவேண்டும். கப்பல் பெயர் மாறலாம். அதன் ஏழிலக்க ஐ.எம்.ஓ. எண் மாறாது, அதைக்கொண்டு கப்பல் நிற்குமிடம் பாருங்கள். சரக்கேற்றச் சீட்டு மெய்யா என்று லண்டனிலுள்ள சர்வதேசக் கடல்சார் பணியகத்தைக் கேட்கலாம். சரக்கைக் காட்டுமுன் எப்பெயரிலும் கட்டணம் கேட்டால் அத்துடன் ஆய்வு முடிந்தது. பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கவும்.

தாமதித்தால் கடைசி வகையினர் முந்திக்கொள்வர். இவர் மீட்பர் எனப்படுவர். இழந்த தொகை, தேதி, யாரிடம் இழந்தீர் என்பதெல்லாம் இவருக்கு முன்னரே தெரிந்திருக்கும். லண்டன் வழக்கறிஞர் என்பார், முழுப் பணமும் திரும்பும் என்பார், அதற்குச் சிறு முன்பணம் கேட்பார். இவரைக் காகிதரின் தம்பி என்பர் ஒருசாரார். காகிதரே என்பது என் துணிபு.