கிழட்டுக் கொரோலாவின் கட்சி

ஸ்காபரோவில் பழைய கொரோலா வைத்திருப்பவருக்குக் கலியாண வீட்டில் அறிவுரை இலவசம்: "இன்னும் இதையோ ஓடுறியள்? லீசுக்கு ஒண்டு எடுங்கோ அண்ணை." சொல்பவரின் புது வண்டி மினுங்கும், மாதத் தவணையின் மேல் 13% எச்.எஸ்.டி. வரியும் சேர்ந்து மினுங்கும். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர்தான் என்று கையெழுத்து வைத்துவிட்டு, மொன்றியல் மச்சாள் வீட்டுச் சடங்குக்குப் பஸ்ஸில் போகிறார் மனிதர். கூடுதலாக ஓடினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு சதம் என்று தண்டம்!

பழைய வண்டிக்கு எதிரி ஒன்றுதான்: பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு. மற்றபடி ஒன்ராறியோ அரசாங்கமே அதன் கட்சி. 2019இல் கார்களுக்கான புகைப் பரிசோதனையை நிறுத்தியது. 2022இல் இலக்கத்தகட்டு ஸ்டிக்கர் கட்டணத்தையும் நீக்கியது. அடித்தட்டில் ஓட்டை விழும்வரை ஓட்டுங்கோ. கலியாண வீட்டுக்கு மட்டும் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கோ.