கார்ல்டனுக்கு வந்த கறார் வாத்தியார்

கே: ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலின் முதல் கோச் யார்?

ப: ஜாக் வோரல் என்பார்கள். 1902-இல் மெல்போர்னின் கார்ல்டன் கிளப் இவரைச் செயலாளராக்கியது. கடிதம் எழுத வந்தவர், மைதானத்தில் இறங்கி ஆட்டக்காரர்களை விரட்டத் தொடங்கிவிட்டார்.

கே: அதுவரை கோச் இல்லாமலா ஆடினார்கள்?

ப: எல்லாம் கேப்டன் தலையில்தான். பந்துக்கும் ஓட வேண்டும், பதினேழு பேர் எங்கே நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். வோரல் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். மூச்சு வாங்காமல் திட்ட முடிந்தது.

கே: திட்டுவதற்குத் தகுதி?

ப: ஃபிட்ஸ்ராய் கிளப்பின் கேப்டனாக ஆடியவர். போதாதென்றால், ஆஸ்திரேலியாவுக்கு 11 கிரிக்கெட் டெஸ்ட். அதுவும் போதாதென்றால், 1896-இல் மெல்போர்ன் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 417 ரன். பந்து போட்ட மாணவர்கள் அந்த வருஷம் பாஸானார்களா என்று கேட்காதீர்கள்.

கே: கார்ல்டனில் என்ன கிழித்தார்?

ப: விக்டோரியன் ஃபுட்பால் லீக் 1897-இல் எட்டு அணிகளோடு தொடங்கியபோது, கார்ல்டன் கடைசி பெஞ்ச். வோரல் கிராமப்புறங்களிலும் ஆள் தேடினார். வாட்டசாட்டமானவர்களை முக்கியமான இடங்களில் நிறுத்தினார். பயிற்சிக்கு மட்டம் போடக் கூடாது. குடியும் ஆட்டமும் ஒத்துப்போகாது, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்பது அவர் கட்சி. 1906, 1907, 1908 என்று தொடர்ந்து மூன்று கோப்பை. லீகில் அதற்கு முன் யாரும் மூன்றை அடுத்தடுத்து வென்றதில்லை. 1908-இல் ஆடியது இருபது, தோற்றது ஒன்றே ஒன்று, எஸ்ஸெண்டனிடம். அதே எஸ்ஸெண்டனை இறுதிப் போட்டியில் 5.5க்கு 3.8 என்று வென்றார்கள்.

கே: 5.5க்கு 3.8 என்றால்? பரீட்சை மார்க்கா?

ப: நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், ஆறு பாயிண்ட். விலகி, நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு பாயிண்ட். ஐந்து கோலும் ஐந்து விலகலும் 35. எஸ்ஸெண்டனுக்கு 26. குறி தப்பியவனுக்கும் ஏதாவது கொடுத்தனுப்பும் தாராள மனசு வேறு எந்த ஆட்டத்தில் இருக்கிறது?

கே: மூன்று கோப்பை தந்தவரைத் தோளில் தூக்கி வைத்திருப்பார்களே?

ப: தூக்கினார்கள், வெளியே வைக்க. அவருடைய கண்டிப்பும் நாக்கும் ஆட்டக்காரர்களுக்குக் கசந்துபோயின. பணப் புகைச்சல் வேறு. அப்போது லீக் விதிப்படி சம்பளம் கிடையாது. மேஜைக்கு அடியில் உண்டு. யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைக்க முடியாத கூலியில் சண்டை வராமல் என்ன செய்யும்? 1909 சீசன் பாதியிலேயே கோச் பதவி போயிற்று. அந்த வருஷ இறுதிப் போட்டியில் கார்ல்டன் சவுத் மெல்போர்னிடம் தோற்றது, இரண்டே பாயிண்டில். மறுவருஷம் லஞ்சப் புகாரில் கார்ல்டன் ஆட்டக்காரர்கள் இருவருக்கு 99 ஆட்டத் தடை. சம்பளம் சட்டப்படி செல்லும் என்று லீக் ஒப்புக்கொண்டது 1911-இல்தான்.

கே: வோரல் ஒடிந்துபோனாரா?

ப: எஸ்ஸெண்டனுக்குப் போனார். 1911 கோப்பை. 1912 கோப்பை.

கே: அப்புறம்?

ப: பேனா. ‘ஆஸ்ட்ரலேஷியன்’ வார இதழில் ஃபுட்பால், கிரிக்கெட் இரண்டும் எழுதினார். எழுபது வயதைத் தாண்டியபின் 1932-33 பாடிலைன் தொடரையும் எழுதி, மட்டையாளர்களின் உடம்பைக் குறிவைத்த இங்கிலாந்தின் பந்துவீச்சைக் காய்ச்சி எடுத்தார். 1937-இல் காலமானார். திட்டியே பழகியவருக்குப் பத்திரிகையைவிடப் பொருத்தமான வேலை உண்டா?

கே: கோப்பை வெல்லும் கோச்சுக்குத் தரும் பதக்கம் இவர் பெயரில்தானே?

ப: இல்லை. காலிங்வுட்டின் ஜாக் மெக்ஹேல் பெயரில். 1912 முதல் 1949 வரை ஒரே கிளப், 714 ஆட்டம், எட்டுக் கோப்பை. வோரல் ரசிகர்கள் வாயைத் திறக்க முடியாது. அந்த 714-ஐ 2015-இல் தாண்டியவர் மிக் மால்ட்ஹவுஸ். அன்று அவர் கார்ல்டன் கோச், எதிரே காலிங்வுட். கார்ல்டன் 75 பாயிண்டில் தோற்றது. அந்த மாதம் முடிவதற்குள் அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.